அமுக்குவான் உங்களையும் அமுக்கியிருக்கிறானா? தூக்கத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

கடலூர் முதுநகரிலிருந்து:

சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களிடம் அமுக்குவான் பேச்சை எடுத்தால் போதும், ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வீட்டில் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள் என்ற பயம். அதற்காகத்தான் இந்த இழை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். யாரும் யாரையும் கேலி செய்ய வேண்டாம்.

என்னுடையது இது. ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, குளித்து, சாப்பிட்டு, ஹாலில் பாயை விரித்து மல்லாந்து படுத்தேன். எவ்வளவு நேரம் ஆனதோ, கண் திறந்தது. மேலே ஃபேன் சுற்றுகிறது. சுவரில் காலண்டர் தெரிகிறது, அன்றைக்கு இன்னும் தேதி கிழிக்கவில்லை என்பதுகூடத் தெரிகிறது. அடுப்படியில் குக்கர் விசில். கையைத் தூக்கப் பார்க்கிறேன், வரவில்லை. நெஞ்சின் மேல் தாங்க முடியாத கனம். கதவோரம் ஒரு ஆள் நிற்கிறான், முகம் இல்லை. மனைவி துணி எடுக்க என்னைத் தாண்டிப் போகிறாள், திரும்பி வருகிறாள். கூப்பிடுகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அது அசைந்ததும் மொத்த உடம்பும் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்தபோது பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. "என்னங்க, கெட்ட கனவா?" என்று கேட்டாள். அவள் வந்து போனதைப் பார்த்திருக்கிறேன், குக்கர் சத்தம் கேட்டிருக்கிறேன். கனவு என்று எப்படிச் சொல்வது?

இதைப் பற்றித் தேடிப் படித்த பிறகுதான் மனசு அடங்கியது. தூங்குகிறவர்களின் கண்கள் இமைக்குள் வேகமாக ஓடும் கட்டம் ஒன்று உண்டு என்று 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் கண்டு எழுதினார்கள். கதை போல விரியும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அந்த நேரத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளைப் பூட்டி வைத்துவிடும். இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் எழுந்தும் ஓடுவான். கண்ணுக்கும் மூச்சு வாங்கும் உதரவிதானத்துக்கும் மட்டும் விலக்கு. சில சமயம் மனசு முந்திக்கொண்டு விழித்துவிடுகிறது, பூட்டு திறக்கத் தாமதமாகிறது. கனவும் முழுசாகக் கலைந்திருக்காது, அதனால் கதவோரம் ஆள் நிற்கிறான். மூச்சு தானாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாமாக ஆழமாக இழுக்கப் பார்க்கும்போது நெஞ்சுத் தசை ஒத்துழைக்காததால்தான் அந்தக் கனம்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்றில், பொதுவாக 100 பேரில் சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் 28 பேருக்கு. தூக்கம் கெடுகிறவர்களுக்கும் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கும் அதிகம்.

எங்கள் ஆயா, "மல்லாந்து படுக்காதடா, ஒருக்களிச்சுப் படு" என்று சொல்லிக்கொண்டே தலகாணிக்கு அடியில் பாக்குவெட்டியை வைக்கும். இரும்பு இருந்தால் அமுக்குவான் வரமாட்டானாம். மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். ஆயா சொன்னதில் அந்தப் பாதி அப்படியே சரி. இப்போது பகல் தூக்கம் ஒருக்களித்துத்தான். பாக்குவெட்டியையும் எடுக்கவில்லை, அது ஆயாவுடையது.

முதலியார்பேட்டையிலிருந்து:

அண்ணே, எனக்கு அமுக்குவான் வந்ததில்லை, சத்தம்தான் வரும். கண் சொக்குகிற நேரம் பார்த்து மண்டைக்குள் டமார் என்று வெடிக்கும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்று ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும், கீழே படுத்திருக்கும் நாய்கூடத் தலையைத் தூக்கியிருக்காது. வலி கிடையாது, படபடப்பு மட்டும். மருத்துவத்தில் இதற்கு 'வெடிக்கும் தலை' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பேர்தான் பயங்கரம், ஆபத்து எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். களைப்பும் கவலையும் கூடுகிற நாளில் எனக்கு அதிகம் வருகிறது.

அப்பாவுக்கு வேறு மாதிரி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் மூடி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் மதியம் சாப்பிட்டுச் சாயும்போது, சங்கு ஊதுகிறது என்று எழுந்து உட்காருவார். செருப்பைத் தேடிக் கால் துழாவுவதையும் பார்த்திருக்கிறேன். தூக்கம் பிடிக்கிற அந்தச் சில நிமிஷத்தில் மணிச் சத்தம், தெரிந்த குரல், பேர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் நிறையப் பேருக்குக் கேட்கும், மனக்கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை. அம்மா இதற்கெல்லாம் பதறுவதில்லை. "அது செகண்ட் ஷிப்டுக்கு ஊதுறாங்க, நீங்க படுங்க" என்பாள். அவரும் படுத்துவிடுவார்.

சிங்காரத்தோப்பிலிருந்து:

விடியறதுக்கு முந்தியே ஃபைபர் படகில் கிளம்பி, பகல் முழுக்கக் கடலில் கிடந்து, வீட்டுக்கு வந்து படுத்தால் பாய் ஏறி இறங்கும். கண்ணை மூடினால் வலைக்கண்ணில் மாட்டிய மீனைக் கழற்றிக்கொண்டே இருப்பேன், விரல்கூட அசையும் என்று வீட்டில் சொல்வார்கள். அப்புறம் ஒரு நொடி படகு விளிம்பிலிருந்து கால் வழுக்கும், உடம்பு தூக்கிப் போடும், முழிப்பு வந்துவிடும். இதெல்லாம் எல்லோருக்கும் உண்டா, இல்லை கடலுக்குப் போகிறவனுக்கு மட்டுமா?

கடலூர் முதுநகரிலிருந்து:

எல்லோருக்கும் உண்டு தம்பி. தூக்கிப் போடுவது மிகச் சாதாரணம். டீ, காபி, அலைச்சல், சரியாகத் தூங்காத நாள் இதெல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் அதிகமாகும்.

மீன் கழற்றுவதைப் பற்றிச் சொன்னாயே, அதற்கு ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்பவர் செய்து 2000இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற வீடியோ கேமைச் சிலரை விளையாட வைத்தார்கள். ராத்திரி தூக்கம் வரும் நேரத்தில் பலருக்குக் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. அதில் நினைவு தங்காத நோயாளிகளும் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை, இருந்தாலும் கட்டைகள் விழுவதைச் சிலர் பார்த்தார்கள். நாள் முழுக்கச் செய்த வேலையை மூளை இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறது. உன் விரல் அசைவதும் அதுவாகத்தான் இருக்கும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

சுனாமி வந்தபோது எனக்குப் பதினோரு வயது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்குப் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. பிறகு வந்த கனவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எப்போதும் ஒரே கனவு. பழைய கூரை வீட்டு வாசலில் நிற்கிறேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். கடல் பக்கம் கருப்பாகச் சுவர் எழுகிறது, சத்தமே இல்லை. தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன், மணலில் கால் புதைகிறது, அவள் கை நழுவுகிறது. சரியாக அந்த இடத்தில் கத்திக்கொண்டு எழுவேன். தங்கச்சி பிழைத்தவள், இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். கனவுக்கு அது தெரியவில்லை. 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது ராத்திரி தவறாமல் வந்தது. கல்யாணமாகிப் பையன் பிறந்த பிறகும் விடவில்லை. நான் போடும் சத்தத்தில் பிள்ளை அழுவான்.

ஒரு மனநல ஆலோசகர்தான் வழி சொன்னார். கனவை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னார். அடுத்து, முடிவை என் இஷ்டப்படி மாற்றி எழுதச் சொன்னார். மாற்றி எழுதியதைத் தினமும் பகலில் பத்து இருபது நிமிஷம் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். பாரி கிராக்கோவ் என்ற அமெரிக்க மருத்துவர், கொடுமைக்கு ஆளாகிக் கெட்ட கனவால் அவதிப்பட்ட பெண்களிடம் இதைச் செய்து பலன் கண்டதை 2001இல் வெளியிட்டிருக்கிறார். நான் எழுதிய முடிவில் தங்கச்சி கை நழுவாது. அவளைப் பள்ளிக்கூட மாடிப்படியில் ஏற்றிவிட்டு நானும் ஏறுவேன். பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு மதியத்தில் உட்கார்ந்து அதையே ஓட்டிப் பார்ப்பேன். முதலில் அழுகைதான் வந்தது. போகப் போகப் படி, கைப்பிடிச் சுவர், அதில் காயும் துணி வரைக்கும் தெரிய ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு ராத்திரி கனவு வந்தது. ஓடத் தொடங்கியவள் ஏனோ திரும்பி வீட்டைப் பார்த்தேன். கூரை. நாங்கள் மாடி வீட்டுக்கு வந்து எவ்வளவு காலமாகிறது, கூரை வீடு எங்கிருந்து வந்தது? அந்த நொடியில் தெரிந்துவிட்டது, இது கனவு. நான் படுத்திருக்கிறேன், பக்கத்தில் பையன் தூங்குகிறான். காலில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஓடவில்லை. மாடிப்படிக்கும் போகவில்லை. தங்கச்சி கையைப் பிடித்தபடி நின்று அலை வருவதைப் பார்த்தேன். வந்தது, முழங்கால் வரை ஏறியது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழித்தபோது நான் கத்தவில்லை.

அலை அதற்குப் பிறகும் எப்போதாவது வருகிறது, கத்திக்கொண்டு எழுவது நின்றுவிட்டது. இந்த வருஷம் பையனை சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். அவன் காலை நனைத்துக்கொண்டு நின்றான், நான் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டேன். முன்பெல்லாம் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே தலையைத் திருப்பிக்கொள்வேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:

அக்கா, படித்துவிட்டு உடனே எழுத வரவில்லை. உங்களுக்குத் தானாக வந்ததைத்தான் லூசிட் ட்ரீம் என்று சொல்லி, என் வயசுப் பையன்கள் மெனக்கெட்டுப் பழகுகிறோம். கனவுக்குள்ளேயே இது கனவு என்று தெரிந்துகொள்வது. ஃபிரெடெரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர் 1913இலேயே தன் கனவுகளை வைத்து இதைப் பற்றி எழுதினார். வெகுகாலம் பலர் நம்பவில்லை. தூங்குகிறவன் எப்படிச் சாட்சி சொல்வான்?

முதுநகர் அண்ணன் சொன்ன விஷயம்தான் இதற்கு வழி விட்டது. உடம்பு பூட்டியிருந்தாலும் கண் அசையும் இல்லையா? 1975இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹியர்ன், ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்: கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமும் அசைக்க வேண்டும். அவர் அசைத்தார், கருவியில் பதிவானது. 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் கனவில் இருப்பவர்களிடம் கேள்வியே கேட்டார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டதற்கு, தூக்கத்திலிருந்தபடியே கண்ணை இரண்டு தரம் அசைத்துப் பதில் சொன்னார் ஒருவர். இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

இது கனவா இல்லையா என்று பார்க்க நான் செய்யும் சோதனை, எழுத்தைப் படிப்பது. கனவில் ஒரே எழுத்தை இரண்டாம் தரம் பார்த்தால் பெரும்பாலும் மாறியிருக்கும். புதுச்சேரியில் இருக்கிறவனுக்கு இது வசதி, தெருவுக்குத் தெரு தமிழும் பிரெஞ்சுமாக நீலப் பலகை இருக்கிறது. முழித்திருக்கும்போதே பலகையைப் படிப்பது, பார்வையை விலக்கி மறுபடி படிப்பது என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வந்தது. கடற்கரைச் சாலை பக்கம் ஒரு சந்தில் பலகையைப் பார்க்கிறேன், தமிழில் ஏதோ தெரு. திரும்பிப் பார்த்தால் அதே பலகையில் எங்கள் வீட்டுப் பால் கணக்கு எழுதியிருக்கிறது! கனவு என்று தெரிந்ததும் சந்தோஷம் தாங்காமல் முழிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் ஆகும் என்றும், அந்த நேரம் உள்ளங்கைகளைத் தேய்த்தால் கனவு கொஞ்சம் நிற்கும் என்றும் பழகியவர்கள் சொல்வார்கள். அடுத்த தடவை தேய்த்தேன், நின்றது. பழைய கலங்கரை விளக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுவர் சொரசொரப்பு வரை இருந்தது.

கனவை ஞாபகத்தில் வைக்க வேண்டுமா, முழித்ததும் அசையாதீர்கள். பாட்டி இங்கே அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போய்வருகிறவர். கண் விழித்ததும் தலையைத் திருப்பாமல் அசைவற்றுக் கிடந்து, கையில் சிக்கிய நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும் என்று ஆசிரமத்து அன்னை சொல்லியிருப்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். எனக்கு இது நோட்டுப் புத்தகத்தைவிட அதிகம் உதவியிருக்கிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து திரும்பப் படுக்கும் முறை வேலை செய்யும். விடிகாலைத் தூக்கத்தில்தான் கனவுக் கட்டம் நீளமாக வருகிறது. ஆனால் அதே முறை அமுக்குவானையும் கூட்டி வரும். பரீட்சை நேரத்தில் தயவுசெய்து வேண்டாம். மனசு ஏற்கெனவே கலங்கியிருப்பவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து:

எல்லோரும் உடம்பு பூட்டிக்கொள்வதைச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் பூட்டே இல்லாத கதை. அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ராத்திரி படுத்து வெகுநேரம் கழித்து, விடியும் பக்கத்தில், கையை ஓங்குவார், உதைப்பார், "போடா வெளியே" என்று கத்துவார். முந்திரித் தோப்பில் திருடனை விரட்டியதாக எழுந்ததும் சொல்வார். ஒருநாள் அந்த அடி அம்மாவின் தோளில் விழுந்து வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் காத்துக் கருப்பு என்றார்கள். அம்மாவும் பாதி நம்பிவிட்டாள்.

நான் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கனவின்போது தசையைப் பூட்ட வேண்டிய இடம் சரியாக வேலை செய்யாததால் கனவில் செய்வதை உடம்பும் செய்துவிடுகிறது என்று விளக்கினார். ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் அதிகம் தெரிய வருகிறதாம். சிலருக்கு இது பார்க்கின்சன் மாதிரியான நோய்க்குப் பல வருஷம் முன்கூட்டியே வரும் அறிகுறியாகவும் இருக்கக்கூடும், அதனால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ராத்திரி முழுக்கத் தலையிலும் காலிலும் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துச் சோதித்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், இப்போது குறைந்திருக்கிறது. அப்பா கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறார், பக்கத்தில் இருந்த கண்ணாடி மேஜையை எடுத்துவிட்டோம், அம்மா தனியாகப் படுக்கிறாள். அதில்தான் அவளுக்கு வருத்தம், அத்தனை வருஷப் பழக்கம்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் கூட்டிப்போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். அப்பாவைக் கேட்டால் நன்றாகத் தூங்கினேன் என்றுதான் சொல்வார். எங்கள் மருத்துவர் அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.