சட்டமன்றத் தொடர் முடிந்தது: உறுப்பினர் கொடுத்த அறிக்கையில் எது வேலையாக மாறும்?

தொண்டிக்கரை:

கூட்டத்தொடர் முடிஞ்சதும் எங்க தொகுதி உறுப்பினர் நாலு பக்க அறிக்கை அச்சடிச்சு ஊர் ஊராக் கொடுத்திருக்கார். எங்க கரைக்குச் சம்பந்தப்பட்டது அஞ்சு விஷயம், அவர் வார்த்தையிலேயே சொல்றேன். தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல் தடுப்பு) கேட்டுக் கேள்வி போட்டேன், "ஆவன செய்யப்படும்"னு அமைச்சர் சொன்னார். மீன்வள மானியக் கோரிக்கையில வெட்டுத் தீர்மானங்கள் கொடுத்தேன். மீன் இறங்குதள மேம்பாடு அறிவிப்புல வந்துருச்சு. வலை பின்னும் கூடத்துக்கு என் நிதியில ஒதுக்கியிருக்கேன். இலங்கைச் சிறையில இருக்கிறவங்களுக்காகக் குரல் கொடுத்தேன். அடுத்த தொடருக்குள்ள பாதியாவது முடியும்னு நம்புறதாவும் எழுதியிருக்கார்.

மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு ஆளுங்க கரையிலதான். சங்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணாத் தொடரலாம்னு இருக்கோம். எதை யார்கிட்ட, எந்தத் தாளை வச்சுக் கேட்கணும்?

பேரவைக் குறிப்பு:

அண்ணே, அறிக்கையில் ஐந்தும் ஒரே வரிசையில் இருந்தாலும் ஐந்துக்கும் கனம் வேறு. மூன்றாவதான மீன் இறங்குதளத்தில் இருந்து தொடங்குங்க.

மானியக் கோரிக்கை என்பது ஒரு துறை தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்பது. அந்த விவாதத்துக்குப் பதில் சொல்லும்போது அமைச்சர் அறிவிப்புகளை வாசிப்பார். மீன்வளத்துக்கு மானியக் கோரிக்கை எண் 7. கொள்கை விளக்கக் குறிப்பும் அறிவிப்புகளும் தமிழிலேயே கிடைக்கும். அதில் உங்க ஊர்ப் பெயர் இருக்கிறதா, பெயருக்குப் பக்கத்தில் தொகை இருக்கிறதா, இந்த இரண்டைப் பாருங்க. "ராமநாதபுரம் மாவட்டத்தில் மீன் இறங்குதளங்கள் மேம்படுத்தப்படும்" என்று பொதுவாக இருந்தால் உங்க கரை அதில் சேருமா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

அடுத்து பட்ஜெட்டின் விரிவான புத்தகம். மீன்வளத்தில் சம்பளம், நிவாரணம், மானியம் எல்லாம் 2405 என்ற தலைப்பில் வரும். துறைமுகம், இறங்குதளம் போன்ற கட்டுமானத்துக்கு 4405. உங்க வேலையை 4405-இல் தேடுங்க. அங்கே கணக்கு ஆயிரம் ரூபாயில் இருக்கும். தொகைக்கு நேரே வெறும் "1" இருந்தால் அது 1,000 ரூபாய் அடையாள ஒதுக்கீடு. கணக்குத் தலைப்பு திறந்திருக்கிறார்கள், பணம் பிறகுதான் என்று பொருள். ஒதுக்கிய பணமும் மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும். மறுவருடம் புதிதாகக் கேட்க வேண்டும். அதனால் மார்ச்சில் போய் விசாரிப்பதில் பயனில்லை, இப்போதே கேட்பதுதான் சரி.

அறிவிப்புக்குப் பிறகு நிர்வாக ஒப்புதல் அரசாணை, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று போகும். பெரும்பாலும் தேங்குவது அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவில்தான்: நிலம் யார் பெயரில் என்று தெரியாது, திட்ட அறிக்கை தயாராகாது, நிதித்துறை கேள்வி கேட்டுக் கோப்பைத் திருப்பும். அரசாணை எண் கிடைக்காதவரை "வந்துருச்சு" என்று ஊரில் சொல்லாதீங்க.

முதலமைச்சர் பேரவை விதிகளில் 110-ஆம் விதியின் கீழ் அறிவிப்பதும் இப்படித்தான். அந்த விதியில் விவாதம் கிடையாது, ஆனால் அறிவித்ததாலேயே பணம் இறங்கிவிடாது. 2025 ஏப்ரல் 7-இல் மீனவர்களுக்கு 576.73 கோடி ரூபாய்க்கு 110-இல் அறிவிப்பு வந்தது. தங்கச்சிமடமும் குந்துகாலும் அதில் இருந்தன. அப்படி ஒரே மூச்சில் வாசித்தாலும் ஒவ்வொரு பணியும் தனியாகத்தான் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு உங்க பக்கத்திலேயே கணக்கு இருக்கு: கடற்பாசிப் பூங்காவை 2021 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள், வளமாவூரில் 127.71 கோடி ரூபாய்த் திட்டமாக அடிக்கல் நட்டது 2023 செப்டம்பரில். அடுத்த தொடருக்குள் பாதி முடியும் என்பது நல்ல எண்ணம்தான். கட்டுமான வேலைக்கு அது நடக்காது.

வெட்டுத் தீர்மானத்தை நம்பி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். துறை கேட்கும் தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி, அந்தச் சாக்கில் ஊர்க் குறையைப் பதிவு செய்வது அது. பதிவு என்ற அளவில் மதிப்பு உண்டு.

வாடைக்காற்று:

தூண்டில் வளைவு பற்றி மட்டும் சொல்கிறேன். கேட்பதற்கு முன்னால் உங்க கரைக்கு அது தேவையா என்று தீர்மானம் பண்ணுங்க. கல்லைக் கொட்டினால் மணல் ஓடிவரும் பக்கத்தில் மேடு கட்டும், மறுபக்கத்தில் கரை அரிக்கும். உங்க ஊருக்குப் போட்டது பக்கத்து ஊரின் படகுத்துறையைத் தின்றுவிடும், பிறகு இரண்டு ஊருக்கும் வழக்கு. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அடிக்கிற கரைக்கு அது சரியாக இருக்கலாம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பாக் விரிகுடாவில் அலை குறைவு, ஆழமும் குறைவு. கடல் நீர் இறங்கும் வத்தல் நேரத்தில் படகு சேற்றில் தட்டுவதுதான் அங்கே தொல்லை. அதற்கு வேண்டியது படகு வந்து போகிற வாய்க்காலைத் தூர்வாருவது, தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற ஏற்பாடு. கோரிக்கை தவறாகப் போனால் ஆய்வு முடிந்து "சாத்தியமில்லை" என்று ஒரு வரியில் கோப்பை மூடிவிடுவார்கள்.

எதைக் கேட்டாலும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளின் தேசியப் பூங்காவை ஒட்டி வந்தால் வனத்துறையையும் கேட்க வேண்டியிருக்கும். மனுவோடு வத்தல், பெருக்கு (நீர் ஏறும் நேரம்) இரண்டு நேரத்திலும் எடுத்த படம், படகு எண்ணிக்கை, இப்போது எவ்வளவு ஆழம் என்பதைக் கயிறு விட்டு அளந்த அளவு, இதெல்லாம் வையுங்க.

சேதுக்கரை:

வலை பின்னும் கூடம் சட்டமன்றத்தோடு சம்பந்தப்பட்டதே இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், ஆட்சியர் நிர்வாக ஒப்புதல் தருவார். ஐந்தில் சீக்கிரம் முடியக்கூடியது இதுதான். பரிந்துரைக் கடிதத்தின் நகலை உறுப்பினர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் ஒப்புதல் ஆகிவிட்டதா என்று கேளுங்க. இடம் புறம்போக்கா, பட்டாவா, வனமா என்பதற்கு விஏஓ சான்று தயாராக இருக்கட்டும். இந்த வேலை நிற்பது பெரும்பாலும் இடத்தில்தான்.

இலங்கைச் சிறை விஷயம் ஒன்றிய அரசின் கையில். கச்சத்தீவை மீட்கச் சொல்லி 2025 ஏப்ரல் 2-இல் பேரவை தீர்மானம் போட்டதும் ஒன்றிய அரசிடம் வைத்த வேண்டுகோள்தான். குடும்பத்துக்கான உதவித்தொகை மாநில மீன்துறை வழியாக வரும். அதற்குப் படகுப் பதிவு எண்ணும், அன்றைக்குக் கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிப் போன பதிவும் முக்கியம். உதவி இயக்குநர் அலுவலகத்தில் இரண்டையும் சரிபாருங்க.

தொண்டிக்கரை:

ரொம்ப நன்றி. "ஆவன செய்யப்படும்"னு சொன்னதைப் பிடிச்சுக் கேட்க வழி இருக்கா? வாய்க்கால் தூர்வாருறதுதான் எங்களுக்கு வேணும், வாடைக்காற்று அண்ணன் சொன்னது அப்படியே எங்க கரை.

பேரவைக் குறிப்பு:

இருக்கு. அவையில் அமைச்சர் கொடுக்கிற வாக்குறுதிகளைப் பின்தொடரவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. உறுதிமொழி என்று எதை எடுத்துக்கொள்வது என்பது குழுவின் முடிவு. அதனால் சொன்ன வார்த்தை அப்படியே வேண்டும். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் பிடி குறைவு. "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்றால் துறை பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியின் எண், தேதி, அச்சிட்ட பதில் மூன்றையும் உறுப்பினரிடமே கேளுங்க, அவரிடம் இருக்கும். குழு மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது அந்த நகலோடு மனு கொடுங்க. மனுக்கள் குழு தனி, அதற்கும் எழுதலாம்.

தூர்வாருவதைத் தனிக் கோரிக்கையாக, தூண்டில் வளைவோடு சேர்க்காமல், ஆட்சியரின் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மீன்துறைக்கு இப்படிக் கேளுங்க: "இந்த மனு எண் மீது தயாரித்த கோப்பின் நகல், மதிப்பீடு தயாரித்த தேதி, அது இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது." "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீங்க, ஏன் என்பதற்குப் பதில் தர மாட்டார்கள்.