இழை: ‘தானே தணிதல்’, வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வகுப்பறை:
வணக்கம். உளவியல் முதலாண்டுப் பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உளவியலாளர் ஐசங்க்கின் 1952 கட்டுரையில் வண்டி நின்றுவிட்டது. நியூரோசிஸ் (பதற்றம், அச்சம் போன்ற மனத்தொல்லை) உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை இல்லாமலே இரண்டாண்டுக்குள் தேறிவிடுகிறார்கள், உளப்பகுப்பாய்வுக்குப் போனவர்களில் தேறியவர் 44 விழுக்காடுதான் என்று எழுதிப் பெரும் சண்டையைக் கிளப்பிய கட்டுரை. இப்படிச் சிகிச்சையில்லாமல் தேறுவதைக் குறிக்க அதில் வரும் ‘ஸ்பான்டேனியஸ் ரெமிஷ’னுக்குத் ‘தன்னிச்சைக் குணமடைவு’ என்று போட்டேன். “நோய்க்கு ஏது சார் இச்சை?” என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நன்னூலடியான்:
தம்பி, மாணவி கெட்டிக்காரி. ஃப்ராய்டு பாடத்துக்கு இச்சை தேவைப்படும், இங்கே செலவழிக்காதீர்கள். ‘நோய்முதல் நாடி அதுதணிக்கும்’ என்கிறார் வள்ளுவர். நோய்க்குத் தணிவுதான் சொல். தன் + தணிவு = தற்றணிவு. ‘ணன வல்லினம் வரட் டறவும்’, அதாவது வல்லினம் வந்தால் ன் ற் ஆகும் என்பது நன்னூல் விதி. தற்கொலை, தற்செயல் மாதிரி.

சேலத்து ஆசிரியை:
ஐயா, தற்றணிவு என்று பலகையில் எழுதினால் ‘தற்ற அணிவு’ என்று பிரித்து, என்ன நகை என்று கேட்பார்கள். தவிர, வள்ளுவர் சொன்னது ‘தணிக்கும்’. பிறவினை. வைத்தியர் தணிக்கிறார். தணிதல் என்றாலே தன்வினை, அதற்கு முன்னால் ‘தற்’ எதற்கு? ‘தானாக ஆறுதல்’ என்று விடுங்கள். புண்ணும் ஆறும், மனசும் ஆறும்.

யாழ்ப்பாணத்தான்:
ஆறுதல் வேண்டாம் ரீச்சர். கவுன்சலிங்குக்கு நாங்கள் உளவளத்துணை எண்டுறம், உங்கட பக்கம் ஆற்றுப்படுத்தல் எண்டு சொல்லுறியள். ‘ஆற்றுப்படுத்தாமலே ஆறினது’ எண்டு எழுதினால் வாசிக்கிற பிள்ளைக்குத் தலை சுத்தும்.

நன்னூலடியான்:
ஆற்றுப்படுத்தலில் உள்ள ஆறு வழி; புண் ஆறுவது வேறு. பாணனுக்கு வழிகாட்டிப் புரவலனிடம் அனுப்புவது ஆற்றுப்படை. முருகன் சினம் தணிந்த இடம் தணிகை. திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடலைத் தணிகை என்று கொள்வாரும் உண்டு. ஆக, ஆற்றுப்படையும் தணிவும் ஒரே மலையில்

வகுப்பறை:
ஐயா, வெள்ளிக்கிழமை.

மதுரை மருத்துவர்:
சந்தி கிடக்கட்டும், ‘தானே’ என்பதே சர்ச்சையில் இருக்கிறது. ஐசங்க்கின் மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்தது? ஒன்று, நியூயார்க் அரசு மருத்துவமனைகளிலிருந்து தேறி வெளியே வந்தவர்கள். இன்னொன்று, டென்கர் என்ற ஆய்வாளர் திரட்டிய 500 காப்பீட்டுக் கோரிக்கைக்காரர்கள். இவர்களைப் பொது மருத்துவர்கள் பார்த்து, மருந்து எழுதி, “ஒன்றுமில்லை, சரியாகிவிடும்” என்று தேற்றியிருக்கிறார்கள். என் ஓ.பி.யில் நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். சீட்டை எழுதி முடித்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அம்மா ஒருவர் இருப்பார். பேனாவை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கேட்டால் போதும், மாத்திரையை மேசையிலேயே மறந்துவிட்டுப் போவார். ஆசிரியை அம்மாவின் தன்வினை, பிறவினை இலக்கணத்திலேயே கேட்கிறேன்: டென்கரின் ஆட்கள் தேறினார்களா, தேற்றப்பட்டார்களா?
அந்த 44-உம் பாதியில் நின்றவர்களைத் தோல்வியில் சேர்த்த கணக்கு. அவர்களை விட்டுவிட்டால் 66 வரும் என்று அவரே எழுதியிருக்கிறார். 1971இல் பெர்கின் என்ற உளவியலாளர் ஆய்வுக் கணக்குகளை மறுபடி கூட்டிப் பார்த்துத் தானாகத் தேறுவோர் 30 விழுக்காட்டை ஒட்டித்தான் என்றார். நீங்கள் ‘தற்’ போட்டுப் பூட்டினால் சொல்லிலேயே ஐசங்க் ஜெயித்துவிடுவார். ‘உளச்சிகிச்சையின்றித் தணிதல்’ என்று எழுதுங்கள்.

நன்னூலடியான்:
அது கலைச்சொல் அல்ல, வரையறை. மூலத்தில் சொல் பொய் சொன்னால் தமிழிலும் அப்படியே சொல்லட்டும். டாக்டர் திருத்த வேண்டியது ஐசங்க்கை, என் சந்தியை அல்ல.

யாழ்ப்பாணத்தான்:
ஏதாவது ஒண்டைப் போடுங்கோ. சோதினையில பிள்ளையள் இங்கிலீசிலதான் எழுதப்போகினம்.

வகுப்பறை:
‘தானே தணிதல்’ என்று போட்டுவிட்டேன். டென்கர் விவகாரம் அடிக்குறிப்பில். ஆசிரியை அம்மா அரைமனதோடு சரி என்றார். அடுத்தது, மருந்தே இல்லாத மாத்திரையைச் சொல்லும் ‘பிளாசிபோ’, தனி இழையில் கேட்கிறேன்.

நன்னூலடியான்:
தற்றணிவையும் அந்த அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள், தம்பி. ஒரு வரி போதும்.