கனடா பத்திரத்தில் "கிங்ஸ்டன் பாரிஷ்" என்று இருக்கிறது, சர்ச் நிலமா?

குடியாத்தம்_தறி:
அக்கா மகன் கனடாவில் செயின்ட் ஜான் நகரத்தில் வேலை செய்கிறான், ஊருக்கு வெளியே ஒரு வீடு பார்த்திருக்கிறான். அவன் அனுப்பிய பத்திர நகலில் "நியூ பிரன்ஸ்விக் மாகாணம், கிங்ஸ் கவுண்டி, கிங்ஸ்டன் பாரிஷ்" என்று போட்டிருக்கிறது. நம் பக்கம் பாரிஷ் என்றால் சர்ச் பங்குதானே, அதனால் கோயில் சொத்து மாதிரி வில்லங்கம் வருமோ என்று அக்காவுக்குத் தூக்கமே இல்லை. வரி யாரிடம் கட்டுவது? பாரிஷ் ஆபீஸ் என்று ஒன்று உண்டா?

பாலாற்றங்கரை:
அக்காவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள், சர்ச்சுக்கும் அந்த நிலத்துக்கும் சம்பந்தமில்லை. 1784இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து நியூ பிரன்ஸ்விக்கைப் பிரித்தார்கள், 1786இல் சட்டம் போட்டு கவுண்டிகளைப் பாரிஷ்களாக வகுத்தார்கள். ஜில்லாவுக்குள் தாலுகா மாதிரி. கிங்ஸ்டன் அந்த முதல் பட்டியலிலேயே இருக்கிறது.

நான் அங்கே நாலு வருடம் இருந்தேன். ஒரு பக்கம் செயின்ட் ஜான் ஆறு, இன்னொரு பக்கம் கென்னபெகேசிஸ் ஆறு, வடக்கே பெல்லைல் விரிகுடா, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டு நிலம்தான் கிங்ஸ்டன். நகரத்திலிருந்து போக, தண்ணீருக்கடியில் கிடக்கும் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு நகரும் படகில் காரை ஏற்ற வேண்டும், காசு கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி வெள்ளம் வந்தால் படகு நின்றுவிடும், சுற்றிக்கொண்டுதான் போகணும். தம்பி தினமும் வேலைக்குப் போவதென்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, ஐந்து நிமிடம் தண்ணீர் மேல் போவதே பெரிய சந்தோஷம்.

ஒரு காலத்தில் கவுண்டிக்குத் தலைநகரமே கிங்ஸ்டன்தான். ரயில் ஹாம்ப்டன் வழியாகப் போனதால் 1871இல் அங்கே மாற்றிவிட்டார்கள், கிங்ஸ்டனில் இருந்த ஜெயிலைக்கூடக் கல் கல்லாகப் பிரித்து எடுத்துப்போய் அங்கே கட்டினார்கள்!

ராணிப்பேட்டை_பழைய_விஏஓ:
நமக்கும் அதே கதைதான் தம்பி. வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் முதலில் சித்தூர், 1911இல் அதைத் தனி ஜில்லாவாக்கிய பிறகுதான் வேலூர். 1989இல் திருவண்ணாமலை போனது, 2019இல் எங்கள் ராணிப்பேட்டையும் போனது. ஆனால் என் அப்பா வாங்கிய நிலத்தின் தாய்ப்பத்திரத்தில் இன்றைக்கும் "வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுகா" என்றுதான் இருக்கிறது, பத்திரம் செல்லாமலா போய்விட்டது? பாரிஷ் பெயரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

குடியாத்தம்_தறி:
ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. அப்போ வரி?

பாலாற்றங்கரை:
அதை விட்டுவிட்டேன். பாரிஷ் ஆபீஸ் என்று எதுவும் கிடையாது. 1960களில் ரொபிஷோ முதல்வராக இருந்தபோது, ஏழைக் கவுண்டியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மட்டமாக இருப்பது நியாயமில்லை என்று கவுண்டி சபைகளையே கலைத்து, அந்தப் பொறுப்பை மாகாணமே எடுத்துக்கொண்டது. அது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. சொத்து வரி பில்லும் மாகாணத்திடமிருந்தே ஒரே பில்லாக வரும். 2023 ஜனவரியில் இன்னொரு சீர்திருத்தம் வந்து 340 உள்ளூர் அமைப்புகளை 89 ஆகக் குறைத்தார்கள், அதிலும் பாரிஷ் பெயர் அழியவில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பத்திரத்திலும் இருக்கிறது. நம் சர்வே நம்பர் மாதிரி அங்கே ஒவ்வொரு மனைக்கும் பிஐடி என்று ஒரு எண் உண்டு, பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டு அடமானம் ஏதும் இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.