சுண்டுவிரல் மரத்துப் போகுது, மணிக்கட்டு பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை

கேள்வி: மஞ்சக்குப்பம் டைப்பிஸ்ட்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு பத்திர எழுத்தர்கிட்ட டைப்பிஸ்டா இருக்கேன். 14 வருஷம் ஆச்சு. கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை எல்லாம் என் கை வழியாத்தான் பதிவு ஆபீசுக்குப் போகும். முகூர்த்த நாள்னா காலைல எட்டு மணிக்கு உக்காந்தா சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்க முடியாது.

நாலு மாசமா இடது கை சுண்டுவிரல் மரத்துப் போகுது. கூடவே மோதிர விரல்ல பாதி. பாதின்னு சொன்னா வீட்டுல சிரிக்கிறாங்க. ஆனா நெசமாவே பாதிதான், சுண்டுவிரல் பக்கத்துப் பாதி. ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு முழிப்பு வந்துடும், கையை உதறிட்டு மறுபடி படுப்பேன். ஸ்கூட்டியில கெடிலம் பாலம் தாண்டுறதுக்குள்ள ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிறது என் கைதானான்னு சந்தேகம் வந்துடுது. போன வாரம் டீ டம்ளர் நழுவி, 1968-ஆம் வருஷத்துத் தாய்ப்பத்திரம் மேல கொட்டத் தெரிஞ்சுது. அன்னைக்குத்தான் பயந்துட்டேன்.

கழுத்துல இருந்து வலது தோள் வரைக்கும் இழுத்துப் பிடிக்கிற வலியும் உண்டு. அது ரொம்ப நாளா இருக்கு, பழகிப் போச்சு.

நெட்டுல பார்த்தா எல்லாரும் கார்பல் டனல்னு சொல்றாங்க. மெடிக்கல்ல 350 ரூபாய்க்கு மணிக்கட்டு பெல்ட் வாங்கி ஒரு மாசம் போட்டேன். ஒண்ணும் மாறலை. அம்மா வாயுப்பிடிப்புன்னு சொல்லி உருளைக்கிழங்கை நிறுத்திட்டாங்க, அதுவும் பலிக்கலை.

உக்கார்ற இடத்தையும் சொல்லிடறேன். மேஜை ஓனரோட அப்பா காலத்துத் தேக்கு மேஜை, அளந்து பார்த்தேன், 30 இஞ்ச். மேல கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில சாமி படமும் வழிகாட்டி மதிப்பு லிஸ்ட்டும். பிளாஸ்டிக் நாற்காலி, அது மேல ஒரு தலகாணி. என் உயரம் 5 அடி 1 இஞ்ச். ஓனர் 5,000 ரூபாய் வரைக்கும் ஏதாவது வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கார் (அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிசு). நாற்காலி வாங்கவா, மவுஸ் வாங்கவா, கீபோர்டா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில்: லாஸ்பேட்டை தம்பி

அக்கா, நான் புதுச்சேரியில வீட்டுல இருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். எனக்கும் போன வருஷம் தோள்பட்டை போச்சு. மானிட்டரோட மேல்விளிம்பு கண் மட்டத்துல இருக்கணும், ஒரு கை நீட்டுற தூரம் தள்ளி இருக்கணும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருக்கிற எதையாவது 20 நொடி பாருங்க, அது கண்ணுக்கு. வெர்டிக்கல் மவுஸ் நல்லா இருக்கு. நாற்காலி மட்டும் நல்லதா வாங்குங்க, 12,000-க்குக் குறைஞ்சு வாங்காதீங்க.

அப்புறம், எந்த லேஅவுட்ல அடிக்கிறீங்க? தமிழ்99-க்கு மாறினா கைக்கு வேலை குறையும். 1999-ல சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டுல முடிவான லேஅவுட். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே எழுத்தை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழுந்துடும். ‘பத்திரம்’னு அடிக்க ஏழு தட்டுதான், இங்கிலீஷ் எழுத்தை வெச்சு ஒலிப்புல அடிச்சா பத்து வரைக்கும் போகுது.

மஞ்சக்குப்பம் டைப்பிஸ்ட்

தம்பி, 5,000-ன்னு எழுதியிருந்தேனே, 12,000-க்கு நாற்காலி வாங்கினா ஓனர் அதுல அவரே உக்காந்துக்குவார்.

நான் லோயர், ஹையர் ரெண்டும் மெஷின்ல பாஸ் பண்ணவ. பழைய டைப்ரைட்டர் லேஅவுட்தான் கையில ஊறியிருக்கு. இந்த வயசுல விரலுக்கு வேற ஊர் வழி சொன்னா அது கேக்காது. அதுவும் ‘ஷை’னு ஒரு வார்த்தை இருக்கே, மேற்படிங்கறதுக்கு. ஷை சொத்து, ஷை நபர், ஷை மனை. எங்க பத்திரத்துல பக்கத்துக்குப் பத்து ஷை வரும். உங்க தமிழ்99-லயும் ஷ-வுக்கு ஷிஃப்ட் பிடிச்சுத்தானே ஆகணும்?

பதில்: பிசியோ, புதுச்சேரி

முதல்ல அந்த பெல்ட்டைக் கழட்டி வைங்க.

கார்பல் டனல்ல மணிக்கட்டுக்குள்ள நசுங்குறது மீடியன் நரம்பு. அது நசுங்கினா கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல நடுவிரல் பக்கத்துப் பாதி மரத்துப் போகும். சுண்டுவிரல் தப்பிச்சிடும். உங்களுக்கு நேர் எதிரா இருக்கு. உங்க வீட்டுல சிரிச்சாங்களே, அந்தப் ‘பாதி’தான் எனக்கு முக்கியமான தகவல். மோதிர விரலை ரெண்டு நரம்பு பங்கு போட்டிருக்கு, உங்க பாஷையில சொன்னா பாகப்பிரிவினை ஆன விரல். சுண்டுவிரலும் அதுக்குப் பக்கத்துப் பாதியும் அல்நார் நரம்போட பங்கு.

முழங்கையைக் கதவுல இடிச்சுக்கிட்டா சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்குமே, அது அந்த நரம்புதான். முழங்கையோட உள்பக்கம் துருத்திக்கிட்டு இருக்கிற எலும்புக்குப் பின்னால, ஒரு பள்ளத்துல, தோலுக்குக் கீழேயே ஓடுது. மேல சதை மெத்தை கிடையாது. கையை மடக்கினா இழுபடும், முழங்கையை ஊன்றினா நசுங்கும். மடக்கி ஊன்றினா ரெண்டும் சேர்ந்து நடக்கும்.

பார்க்காம நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு விஷயம் நீங்களே கவனிக்கலாம். புறங்கையிலயும் சுண்டுவிரல் பக்கம் மரப்பு இருக்கா? இருந்தா பிரச்சினை மணிக்கட்டுக்கு மேல, அதாவது முழங்கையிலயோ கழுத்துலயோ. அடுத்தது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு தாளை வெச்சு அழுத்திப் பிடிங்க, வேற யாராவது இழுக்கட்டும். கட்டைவிரல் நுனி தானா மடங்கிக்கிட்டா அந்தக் கையில பலம் குறையுதுன்னு அர்த்தம்.

டம்ளர் நழுவினது எனக்குப் பிடிக்கலை. அதனால தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க. நரம்பு எவ்வளவு வேகமா சேதியைக் கடத்துதுன்னு பார்க்கிற டெஸ்ட் இருக்கு. கூடவே சுகரும் தைராய்டும் பார்த்துடுங்க, அதாலயும் நரம்பு கெடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல புறங்கைச் சதை குழி விழுந்தா ஒரு நாளும் காத்திருக்காதீங்க.

ராத்திரிக்கு ஒரு வழி சொல்றேன். தேங்காப்பூ துண்டை முழங்கையைச் சுத்தி தளர்வாச் சுத்தி, பிளாஸ்திரி ஒட்டிட்டுப் படுங்க. தூக்கத்துல கை முழுசா மடங்காது. கையைத் தலைக்கு அடியில வெச்சுப் படுக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

கடைசியா ஒரு கேள்வி. டைப் அடிக்காத நேரத்துல உங்க இடது கை எங்க இருக்கு?

மஞ்சக்குப்பம் டைப்பிஸ்ட்

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை. மடியில இருக்கும்னு எழுத வந்தேன், நிச்சயமில்லாம விட்டுட்டேன். கடையில ஜெராக்ஸ் எடுக்கிற பையன்கிட்ட, எனக்குத் தெரியாம அப்பப்போ போன்ல ஒரு படம் எடுடான்னு சொன்னேன். சாயங்காலம் 11 படம் காட்டினான். எட்டுப் படத்துல இடது முழங்கை கண்ணாடி விளிம்புல ஊன்றியிருக்கு, கன்னம் உள்ளங்கையில. மீதி மூணுல ரெண்டு படத்துல அதே கையில போன், காதுல.

யோசிச்சுப் பார்த்தா நான் டைப் அடிக்கிற நேரம் கம்மிதான். பழைய ஃபைலைத் திறந்து பேர், சர்வே எண், அளவு மாத்துறோம், அவ்வளவுதான். மீதி நேரம் எல்லாம் சரிபார்க்கிறது. கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, நான்கெல்லையில வடக்கே யார் வீடுன்னு தாய்ப்பத்திரத்தை வரிக்கு வரி ஒத்துப் பார்க்கணும். ஒருதடவை பழைய ஃபைல்ல இருந்த வேற ஒருத்தர் பேர் ஒரு வரியில அப்படியே நின்னுடுச்சு. அதுக்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட்டு, ஓனர் கையிலிருந்து செலவாச்சு. அதுல இருந்து நான் தாளை மூக்குக்கிட்ட வெச்சுப் படிப்பேன். மேஜையில படுத்துக் கிடக்கிற தாளைக் குனிஞ்சு படிச்சா தலை கனக்குது, கை தானாப் போய் முட்டுக் கொடுக்குது.

புறங்கையிலயும் மரப்பு இருக்கு. தாளைப் பையன் இழுத்தான், கட்டைவிரல் கொஞ்சம் மடங்கிச்சு. திங்கக்கிழமை டாக்டர்.

பதில்: பழைய இன்ஸ்டிட்யூட் சார், திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, நான் தட்டச்சுப் பள்ளி நடத்தி, மூடிவிட்டவன். நீங்கள் முதல் பதிவில் சொன்ன 30 அங்குல மேஜையை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அது கையால் எழுதும் மேஜை. தட்டச்சு மேஜை 26 அங்குலம்தான் இருக்கும். மெஷினுக்கே ஒரு உயரம் உண்டு என்பதால் மேஜையைத் தணித்துச் செய்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் மெஷினை எடைக்குப் போட்டவர்கள் மேஜையையும் சேர்த்துப் போட்டுவிட்டு, கீபோர்டைக் கொண்டுபோய் எழுதும் மேஜையில் வைத்தார்கள். உங்கள் உயரத்துக்கு அந்த மேஜையில் தோளைத் தூக்காமல் அடிக்கவே முடியாது. பழகிப்போச்சு என்றீர்களே, அந்தத் தோள்வலிக்குக் காரணம் வேறு தேட வேண்டாம். தோள் தொங்க வேண்டும், முழங்கை விலாவை ஒட்டி, முன்கை தரைக்குச் சமமாக. கீபோர்டின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும், அவற்றை மடக்கிவிடுங்கள். அவை மணிக்கட்டைப் பின்னால் ஒடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

பார்த்து அடிக்கும் தாளைக் கிடத்தி வைக்க நாங்கள் விட்டதில்லை. நிமிர்த்தி, கண்ணுக்கு நேராக வைக்கச் சொல்வோம். மெஷினில் இன்னொன்றும் இருந்தது. வரி முடியப் போகும்போது மணி அடிக்கும், இடது கையை நீட்டி கேரியேஜைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி வேறு தாள் சொருக வேண்டும். எங்கள் காலத்தில் வலியே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மெஷின் தட்டித் தட்டி விரல் வீங்கியவர்களை நான் அறிவேன். ஆனாலும் ஒரே நிலையில் ஒருமணி நேரம் உட்கார மெஷின் விடாது.

என் வீட்டு மாடியில் இரண்டு மேஜைகள் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம். தனிச்செய்தி அனுப்புங்கள்.

மஞ்சக்குப்பம் டைப்பிஸ்ட் (ஆறு வாரம் கழிச்சு)

கேட்டவங்களுக்கு நிலவரம் சொல்லிடறேன்.

டெஸ்ட்ல முழங்கைக்கிட்ட நரம்பு வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு வந்துச்சு. இப்போ ஆபரேஷன் வேண்டாம், ஊன்றுறதை நிறுத்துங்க, மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்னு டாக்டர் சொன்னார். சுகர், தைராய்டு ரெண்டும் சரியா இருக்கு.

சார் வீட்டு மேஜை டாடா ஏஸ்ல வந்துச்சு, வாடகை 400. கைப்பிடி இல்லாத, ஏத்தி இறக்குற பழைய நாற்காலி ஒண்ணு 2,200-க்கு வாங்கினேன். கால் தொங்கினதால கீழே ஒரு மரப்பெட்டி. பாக்கி 2,400-ஐ ஓனர் அன்னைக்கே கேட்டு வாங்கிட்டார். மானிட்டருக்கு அடியில ரெண்டு ஏ4 பேப்பர் கட்டு, நாலு இஞ்ச் உயரம் கிடைச்சுது. ஒரே தொல்லை, கடையில பேப்பர் தீர்ந்தா பையன் என்கிட்ட கேக்காம ஒரு கட்டை உருவிடுறான், மானிட்டர் ரெண்டு இஞ்ச் இறங்கிடுது. கழுத்து வலிச்சாத்தான் எனக்கே தெரியுது.

தாளை நிமிர்த்தி வைக்க காப்பி ஸ்டாண்ட் தேடினேன், கிடைக்கலை. அம்மா தேவாரம் படிக்கிற மடக்குப் பலகையைக் கேட்டேன். அப்பர் சாமி கல்லோட மிதந்து வந்து கரையேறின ஊர்ல பொறந்துட்டு, அந்தப் பலகையில கிரயப் பத்திரமான்னு ஒரு நாள் முழுக்கப் பேசலை. மறுநாள் அவங்களே துடைச்சுக் கொடுத்தாங்க.

கஷ்டமானது இதெல்லாம் இல்லை, முழங்கையை ஊன்றாம இருக்கிறதுதான். 14 வருஷப் பழக்கம். கண்ணாடி விளிம்பு போனா என்ன, மேஜை விளிம்பு இருக்கே. கடைசியில பழைய பெல்ட்டுக்கு ஒரு வேலை கிடைச்சுது. அதை முழங்கைக்கு மேல தளர்வா மாட்டி, பட்டையோட சொரசொரப்பான பக்கம் தோல்ல படுற மாதிரி விட்டுட்டேன். ஊன்றப் போனா குத்தும், கை தானா மேல வந்துடும். பிசியோ திட்டாம இருந்தா சரி. போனுக்கு ஸ்பீக்கர் போட்டுட்டேன், அதனால இப்ப கடை முழுக்க எங்க வீட்டு விஷயம் தெரியும்.

துண்டு சுத்திப் படுக்கிறதுல ராத்திரி முழிப்பு நின்னுடுச்சு, வாரத்துல ஒரு நாள் தவிர. சுண்டுவிரல் நுனியில இன்னும் ஒரு மரப்பு இருக்கு. தோள்வலி முக்கால்வாசி போயிடுச்சு, அதைப் பத்தி நான் கேக்கவே இல்லை.

நாளைக்கு முகூர்த்தம், 13 பத்திரம். சார், மேஜை டிராயர் திறக்கவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

பிசியோ, புதுச்சேரி

திட்டத்தான் செய்வேன். தளர்வா இருந்தாலும் பெல்ட்டை அந்த இடத்துல வைக்காதீங்க. அதுக்குப் பதிலா விளையாட்டுச் சாமான் கடையில முழங்கைப் பஞ்சுப் பட்டை கிடைக்கும், பஞ்சு உள்பக்கம் வர்ற மாதிரி மாட்டுங்க. மூணாவது மாச டெஸ்ட்டை, நல்லா ஆயிடுச்சேன்னு விட்டுடாதீங்க.

பழைய இன்ஸ்டிட்யூட் சார், திருப்பாதிரிப்புலியூர்

மழை ஈரத்துக்கு இறுகும் அம்மா. வெயிலடிக்கும் நாளில் வெளியே இழுத்து, இரண்டு பக்கக் கட்டையிலும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். இழுக்கும்போது வலது கையால் இழுங்கள்.