ஹோய் ஆனில் அளவு கொடுத்து ஷூ தைக்கலாமா? அகலமான பாதம், கையில் ஒரு வார இறுதிதான்

அகலக்கால்:
அடுத்த மாதம் வியட்நாம் போகிறோம். ஹோய் ஆனில் வெள்ளி மதியம் முதல் திங்கள் காலை வரை தங்கல். அங்கே கோட், சூட் போலவே தோல் ஷூவையும் காலை அளந்து ஒரே நாளில் தைத்துத் தருவார்களாம். என் தொல்லை பாதத்தின் அகலம். எட்டாம் எண் நீளத்துக்குச் சரி, ஆனால் சுண்டுவிரல் நசுங்கும். ஒன்பது எடுத்தால் குதிகால் கழன்று கழன்று வரும். வலது பெருவிரல் மூட்டில் எலும்பும் கொஞ்சம் துருத்தியிருக்கும். தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு லேஸ் கட்டும் ஒரு பிரவுன் ஆக்ஸ்ஃபோர்டு ஷூ வேண்டும். ஒரே நாளில் தைத்த ஷூ தாங்குமா? நிஜத் தோல்தானா என்று எப்படிப் பார்ப்பது? முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?

பயணப்பை:
பையை ரூமில் போட்டதும் முதல் வேலையாகக் கடைக்குப் போங்கள். விளக்குத் திருவிழா, படகு எல்லாம் அப்புறம். சனிக்கிழமை ஆர்டர் கொடுத்தால் திருத்தம் செய்ய நேரம் இருக்காது. ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர் கைகாட்டும் கடையில் அவருக்கும் கமிஷன் இருக்கலாம், நீங்களே இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை விசாரியுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மீதி, போட்டு நடந்து பார்த்த பிறகு. இன்னொன்று, அங்கே பணம் டாங். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். சாயங்கால வெளிச்சத்தில் அவசரமாக எண்ணாதீர்கள்.

சிக்கனம்:
இதற்கு வியட்நாம் வரை போக வேண்டுமா? நம் ஆம்பூரில் இல்லாத ஷூவா?

ஆம்பூர் லாஸ்டிங்:
ஆம்பூரில் ஷூ இருக்கிறது சார், ஆனால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுமதிக்கு ஆயிரக்கணக்கில் தைப்பவை. ஒரு ஜோடிக்காக லைனை நிறுத்த மாட்டார்கள்.

கேட்டவருக்கு: நான் கம்பெனியில் லாஸ்டிங், அதாவது தோலைக் கட்டையின் மேல் இழுத்து ஷூ வடிவம் கொடுக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஷூவுக்கு வடிவம் கொடுப்பது லாஸ்ட், அதாவது கால் வடிவத்தில் இருக்கும் மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் கட்டை. உங்கள் காலுக்கென்றே ஒரு லாஸ்ட் செதுக்கி, ஷூவும் தைத்து, மறுநாள் கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. கடையில் இருக்கும் ரெடிமேட் லாஸ்ட்களில் உங்கள் நீளத்துக்கு நெருக்கமானதை எடுத்து, எலும்பு துருத்தும் இடத்தில் தோல் துண்டு ஒட்டிப் பருமனாக்குவார்கள். உங்கள் காலுக்கு அதுவே போதும், ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பேப்பரில் காலை வைத்துக் கோடு போட்டதோடு அனுப்பிவிட்டால் விடாதீர்கள். விரல் மூட்டைச் சுற்றி, மேல்பாதத்தைச் சுற்றி, குதிகாலிலிருந்து மேல்பாதம் வரை சுற்றி என்று மூன்று அளவும் டேப் வைத்து எடுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக, நின்றபடி, ரிசப்ஷனுக்குப் போடப்போகும் சாக்ஸோடு. சாயங்காலம் அளப்பது நல்லது, நடந்து திரிந்த கால் சற்று வீங்கியிருக்கும். பெரும்பாலும் முன்னால் ஒரு கடை, தைக்கும் பட்டறை வேறு எங்கோ. அளவெடுத்தவரும் தைப்பவரும் பார்த்துக்கொள்ளாமலே வேலை முடியலாம். அதனால் எலும்பு இருக்கும் இடத்தை அந்தப் பேப்பரிலேயே பேனாவால் வட்டமிட்டுக் கொடுங்கள், காலையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டை விட்டுவிடுங்கள். அதில் லேஸ் ஓட்டை உள்ள இரண்டு பக்கமும் முன்தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கும். மேல்பாதம் உயர்ந்திருந்தால் லேஸ் பகுதி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். டெர்பி என்ற வகை லேஸ் ஷூவில் அந்தப் பக்கங்கள் முன்தோலுக்கு மேலே கிடக்கும், இறுக்கவும் தளர்த்தவும் இடம் உண்டு. ரிசப்ஷன் மேடையில் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை.

தாங்குமா என்றால், அப்பரை, அதாவது சோலுக்கு மேலே வரும் தோல் பகுதியை, லாஸ்டின் மேல் இழுத்துப் பிடித்த பிறகு அது அங்கேயே இருந்து வடிவம் பிடிக்க வேண்டும். கையால் செய்யும் நல்ல பட்டறைகளில் நாள்கணக்கில் விடுவார்கள். கம்பெனியில் நாங்கள் சூடும் ஆவியும் கொடுத்து அந்த நேரத்தைக் குறைக்கிறோம். ஒரே இரவில் லாஸ்டைக் கழற்றிய ஷூ சீக்கிரம் தளரும். எனவே 'நாளைக்கே தருகிறேன்' என்றால் 'ஞாயிறு போதும், சனிக்கிழமை ஒரு ட்ரையல் மட்டும் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். சோல் அநேகமாகப் பசையில் ஒட்டியதாகத்தான் இருக்கும், அதில் குறையில்லை, பிரிந்தால் நம்மூரில் ஒட்டித் தைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் குட்இயர் வெல்ட் (ஓரமாக ஒரு பட்டை வைத்து அப்பரையும் சோலையும் தைத்து இணைக்கும் முறை) தருகிறேன் என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள், ஓரத்தில் தெரிவது அலங்காரத் தையலாக இருக்கும்.

தோலுக்கு, வெட்டு ஓரத்தைப் பாருங்கள். துணி தெரிந்தால் ரெக்சின். நார் தெரிந்தாலும், அடித்தோலில் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய ஸ்ப்ளிட்டாக இருக்கலாம். வளைத்துப் பாருங்கள்: நல்ல தோலில் நுணுக்கமான சுருக்கம் விழும், பூச்சுத் தோலில் தடித்த மடிப்பாக விழும். தண்ணீர் சொட்டு விடுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம், பாலிஷ் ஏறிய அசல் தோலும் தண்ணீர் குடிக்காது. உள் லைனிங் தோலா என்று மறக்காமல் கேளுங்கள், பலர் அங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள்.

அகலக்கால்:
இவ்வளவு விவரத்துக்கு மிக்க நன்றி அண்ணா. டெர்பியே தைத்துக்கொள்கிறேன். ஒரு கடையில் வாட்ஸ்அப்பில் விசாரித்தேன், முதலைத் தோலிலும் செய்வார்களாம். மனைவிக்கு ஒரு கைப்பையும் எடுக்கலாமா?

பயணப்பை:
வேண்டவே வேண்டாம். முதலை, மலைப்பாம்பு எல்லாம் சைட்டிஸ் என்ற, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவை. பண்ணையில் வளர்த்த முதலையாக இருந்தாலும் ஏற்றுமதி அனுமதித் தாள் இல்லாமல் கொண்டுவந்தால் இங்கே கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்ளலாம், வழக்கும் வரலாம். கடைக்காரர் எழுதித் தரும் ரசீது அந்தத் தாள் ஆகாது. மாட்டுத் தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அகலக்கால்:
ஹோய் ஆனிலிருந்து எழுதுகிறேன். இப்போதுதான் ட்ரையல் முடிந்தது. சோலும் ஒட்டிவிட்டார்கள். எலும்புப் பக்கம் அருமை. ஆனால் வலது சுண்டுவிரல் பிடிக்கிறது, நடக்கும்போது இரண்டு குதிகாலும் லேசாக எழும்புகிறது. கடைக்காரம்மா 'போடப் போட இளகிவிடும்' என்கிறார். பாக்கிப் பணம் இன்னும் கொடுக்கவில்லை.

ஆம்பூர் லாஸ்டிங்:
கொடுக்காதீர்கள் தம்பி. தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், அதை நம்பி வலிக்கிற ஷூவை வாங்கக் கூடாது. விரல் இடிக்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அதே லாஸ்டில் அந்த இடத்தில் மட்டும் தோல் துண்டு ஒட்டி, அப்பரை லேசாக ஈரப்படுத்தி, திரும்ப ஏற்றி இரவு முழுக்க வைக்கச் சொல்லுங்கள். சோல் ஒட்டியிருந்தாலும் இதைச் செய்யலாம். குதிகால் லேசாக எழும்புவது புது சோலின் விறைப்பு, சோல் வளைய ஆரம்பித்தால் குறையும். சந்தேகமாக இருந்தால் லேஸுக்கு அடியில் வரும் நாக்கின் உள்பக்கம் ஒரு மெல்லிய பேட் ஒட்டச் சொல்லுங்கள், பாதத்தைப் பின்னால் தள்ளிப் பிடிக்கும்.

முன்னால் விரல் முட்டுகிறதா? நீளம் குறைவு என்றால் இழுத்துச் சரிசெய்ய முடியாது, புதிதாகத்தான் தைக்க வேண்டும்.

அகலக்கால்:
முன்னால் இடம் இருக்கிறது அண்ணா. குறி போட்டுக் கொடுத்துவிட்டேன், பேடும் ஒட்டுகிறார்களாம்.

சிக்கனம்:
என்னதான் ஆயிற்று?

அகலக்கால்:
ஞாயிறு சாயங்காலம் வாங்கிவிட்டேன். சுண்டுவிரல் சரியாகிவிட்டது. இடது குதிகால் இன்னும் கொஞ்சம் எழும்புகிறது, பொறுத்துக்கொள்ளலாம். பசை வாடைதான் பெட்டி முழுக்க அடிக்கிறது. பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தந்திருக்கிறார்கள், அப்படியே சூட்கேஸில் வைக்கலாமா?

ஆம்பூர் லாஸ்டிங்:
கவரை எடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஷூவுக்குள் கசக்கிய செய்தித்தாள் திணித்துத் துணிப்பையில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் வைக்க வேண்டாம். ரிசப்ஷனுக்கு முன்பே தினமும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள்.