ரசகதலி வாழைக்கு வாடல்: டிரைக்கோடெர்மா, வேம் இரண்டும் போட்டும் கேட்கவில்லை

களக்காட்டான்:
களக்காட்டுக்குக் கிழக்கே 80 சென்ட் நன்செய். அப்பா காலத்திலிருந்து ஏத்தன் வாழைதான் போட்டு வந்தோம். போன வருஷம் தார் விலையைப் பார்த்து ஆசைப்பட்டு ரசகதலி வைத்தேன். பக்கத்து ஊர்த் தோப்பில் பக்கக்கன்று சும்மாவே தந்தார்கள். சும்மா கிடைத்ததை யார் விடுவார்?

ஐந்தாம் மாசம் அடி இலை ஓரம் மஞ்சளடித்தது. பிறகு இலைகள் காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டின மாதிரி தொங்கின. ஒரு மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே அறுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாக வளையம்.

கடையில் சொன்னதையெல்லாம் வாங்கினேன். கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து மூட்டுக்கு மூடு, அதாவது ஒவ்வொரு மரத்தடியிலும், ஊற்றினேன். மூன்றாம் நாள் அதே மூட்டில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் என்று விற்கிற டிரைக்கோடெர்மா விரிடி. அப்புறம் வேம் (VAM) என்ற வேர்ப் பூஞ்சையை மண் மேலே தூவி, டிஏபி உரமும் வைத்தேன். 700 மரத்தில் 200க்கு மேல் போய்விட்டது. இந்த நல்ல பூஞ்சைப் பாக்கெட்டெல்லாம் சும்மா ஏமாற்று வேலையா? அதே வயலில் திரும்ப வாழை வைக்கலாமா?

சேரன்மாதேவி விவசாயி:
எங்கள் தாத்தா எந்தப் பாக்கெட்டும் வாங்கவில்லை. கொழிஞ்சித் தழையை உரமாக வயலில் மிதித்து விடுவார், ஆட்டுக் கிடை போடுவார். அவ்வளவுதான். இப்போது எல்லாவற்றையும் பவுடராக்கி விற்கிறார்கள்.

கன்னடியன் கால் கிழவன்:
தம்பி, ஏமாற்று வேலை இல்லை. நீங்கள் செய்த வரிசைதான் தப்பு. நானும் கல்லிடைக்குறிச்சியில் இதே தப்பைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வாடலுக்குக் காரணம் புசேரியம் என்ற பூஞ்சை. வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகிற குழாயை அடைத்துவிடும். நீங்கள் அறுத்துப் பார்த்த செம்பழுப்பு அதுதான். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான், ஆனால் மற்றப் பூஞ்சையின் இழையைச் சுற்றி வளைத்துத் தின்னும் சாதி. கார்பென்டாசிமுக்கு நல்லது கெட்டது தெரியாது. நீங்கள் ஊரைக் காலி செய்துவிட்டு, அந்த விஷம் ஆறுவதற்குள் காவல்காரனை அனுப்பியிருக்கிறீர்கள். அவனும் செத்தான்.

வேம் கதை வேறு. அது நோயை விரட்ட வந்ததில்லை. வேருக்குள் குடியிருந்துகொண்டு வெளியே இழை விடும். வாழை வேர் தன்னை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருக்கிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) தின்று தீர்த்துவிட்டால் அதற்கு மேல் எட்டாது. இந்த இழை சில சென்டிமீட்டர் தள்ளிப்போய் எடுத்து வந்து கொடுக்கும், பதிலுக்கு மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மண்ணைப் பொலபொலவென்று கட்டி வைப்பதிலும் இந்த இழைக்குப் பங்கு உண்டு. ஆனால் வேர் தொட்டால்தான் பிழைக்கும். மேலே தூவினால் வெயிலில் காய வேண்டியதுதான். டிஏபியை அள்ளி வைத்தால் மரத்துக்கே மணிச்சத்து தாராளம், பிறகு இவனை எதற்கு உள்ளே விடும்?

உயிருள்ள வேர் இல்லாமல் வேமை வளர்க்கவே முடியாது, அதனால்தான் மக்காச்சோள வேரில் வைத்துப் பெருக்குகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கேரட் வேரைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தும் எடுக்கிறார்கள். டிரைக்கோடெர்மாவுக்கு இந்தப் பிகு கிடையாது, சாணி எருவே போதும்.

இனி உங்கள் வயல். புசேரியத்தின் வித்து மண்ணில் பல வருஷம் தூங்கும். உடனே வாழை வேண்டாம். நமக்கு வாய்க்கால் தண்ணீர் இருக்கிறது, அதுதான் பெரிய மருந்து. ஒன்றிரண்டு போகம் நெல் போடுங்கள். தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் கிடந்தால் புசேரியம் நன்றாகக் குறையும், அடியோடு போகாது. தேங்கின தண்ணீரில் வேமும் நொந்துபோகும், ஆகவே நெல்லுக்கு அந்தப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிசானப் பருவ நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து தூவுங்கள். உளுந்து வேரில் வேம் திரும்பக் குடியேறும்.

அதற்குப் பிறகு வாழை. திசு வளர்ப்புக் கன்று என்றால் நோய் கூடவே வராது. ஆனால் அது கண்ணாடிக் குப்பியில் வளர்ந்த பிள்ளை, வேரில் ஒரு நுண்ணுயிரும் இருக்காது. குழியிலேயே வேர் படுகிற இடத்தில் வேம் வையுங்கள். ரசகதலி வாடலுக்குச் சீக்கிரம் விழும், பூவன் தாங்கும்.

சேரன்மாதேவிக்காரரே, தாத்தா செய்ததும் இதேதான். கொழிஞ்சியும் கிடையும் மண்ணில் இருந்த பூஞ்சைக்குச் சாப்பாடு. அவர் காலத்தில் மூட்டில் விஷம் ஊற்ற ஆளில்லை.

தேரிக்காடு:
திசையன்விளைப் பக்கம் முருங்கை நாற்றுக்கு நான் பையிலேயே வேம் கலக்கிறேன். எங்கள் செம்மணலில் கலந்த நாற்றுக்கும் கலக்காததுக்கும் வித்தியாசம் தெரிகிறது. வளமான வயலில் அவ்வளவு தெரியாது என்று நினைக்கிறேன்.

களக்காட்டான்:
அண்ணாச்சி, ரொம்ப நன்றி. ஒரு கிலோ டிரைக்கோடெர்மா மிச்சம் இருந்தது. 20 கிலோ மக்கின சாணியில் கலந்து, தண்ணீர் தெளித்து, வேப்பமர நிழலில் சாக்கு போட்டு மூடினேன். நாலாம் நாள் சாக்கைத் தூக்கினால் பஞ்சு மாதிரி வெள்ளை. இன்றைக்கு அங்கங்கே பச்சை பூத்திருக்கிறது. வீட்டுக்காரி, யார் இங்கே தேங்காய் துருவினது என்கிறாள். கெட்டுப்போய்விட்டதா?

கன்னடியன் கால் கிழவன்:
கெடவில்லை தம்பி. பச்சை அதனுடைய வித்து. விரிடிக்குத் தேங்காய் வாசம் உண்டு, அவள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. கறுப்பாகப் பூத்து நாற்றம் அடித்தால்தான் தூக்கிப் போட வேண்டும். வெயில் படாமல் வைத்து, மேட்டில் இருக்கிற காய்கறிக்கு மூட்டில் போடுங்கள். மேலே மறுபடி எந்த மருந்தையும் ஊற்றிவிடாதீர்கள்.

களக்காட்டான்:
கத்தரிக்குப் போடுகிறேன். வயலுக்கு அம்பை 16 நெல் விதை சொல்லி வைத்தாயிற்று. செத்த மரத்துக் கிழங்கெல்லாம் வரப்போரம் குவித்து வைத்திருக்கிறேன், அதை என்ன செய்ய?

கன்னடியன் கால் கிழவன்:
ஐயோ, வரப்பில் வேண்டாம். மழைத்தண்ணீர் அதை வயல் முழுக்க இழுத்துவிடும். இன்றைக்கே வெளியே கொண்டுபோய்க் காயவைத்துக் கொளுத்துங்கள். மண்வெட்டியையும் கழுவுங்கள்.