இடது காலுக்கு வேலை இல்லாத கார்: பழைய ஏஎம்டி வாங்கியவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஒரு கேள்வி

வணக்கம். சென்ற ஆண்டு இடது முழங்காலில் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கிளட்சை மிதித்து ஓட்டும் வண்டி இனி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பள்ளிக்குப் போய்வர நாளொன்றுக்கு 34 கிலோமீட்டர். புதிய ஆட்டோமேட்டிக் கார் வாங்க வசதியில்லை. நாலரை லட்சத்துக்குள் பழைய ஏஎம்டி கார் (கிளட்ச் பெடல் இல்லாமல், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் மலிவான வகை) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்: 2018 மாடல், 52,000 கிலோமீட்டர், இரண்டாவது உரிமையாளர், சென்னைப் பதிவெண். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "ஏஎம்டியா, தொடவே தொடாதே" என்கிறார் மாமா. "மைலேஜ் நன்றாகத் தரும், தைரியமாக வாங்கு அக்கா" என்கிறான் தம்பி. இரண்டு பேரும் அந்த வண்டியை ஓட்டியதில்லை. வாங்கி ஓட்டியவர்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விமர்சனங்கள் நிறையப் படித்துவிட்டேன். எல்லாமே புது வண்டியைப் பற்றியவை.

கோவையிலிருந்து

சகோதரி, நான் 2021-இல் ஐந்து வயதான ஏஎம்டி ஹாட்ச்பேக் ஒன்றை வாங்கினேன். 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பெயிண்ட் பார்த்தேன், டயர் பார்த்தேன், என்ஜின் சத்தம் கேட்டேன். கியர்பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவிநாசி சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டேன். சமதளத்தில் வண்டி வெண்ணெயாகப் போயிற்று.

நான்காவது மாதம் குடும்பத்தோடு வால்பாறைக்குப் புறப்பட்டோம். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம்கூட ஏறியிருக்க மாட்டோம், ஒரு வளைவில் மேலிருந்து பேருந்து இறங்கி வந்தது. ஏறும் வண்டிக்குத்தான் வழி விடவேண்டும் என்பது விதி. ஆனால் அந்த வளைவில் பேருந்து திரும்ப வேண்டுமானால் நான் நின்றுதான் ஆகவேண்டும். நின்றேன். பின்னால் ஒரு ஜீப் ஒட்டிக்கொண்டு நின்றது. பிரேக்கை விட்டால் வண்டி பின்னோக்கி உருண்டது. ஜீப்பில் இடித்துவிடுமோ என்ற பயத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்து, வண்டியை ஏற்றத்தில் தொங்கவிட்டபடி நின்றேன். இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். "அப்பா, ஏதோ கருகுகிறது" என்றாள் மகள். பேருந்து போனதும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். என்ஜின் அலறியது, வண்டி அசையவில்லை. மீட்டரில் ஒன்று என்ற எண் மினுக்கி மினுக்கி மறைந்து, நியூட்ரல் என்று காட்டியது. ஜீப்பில் வந்தவர்கள் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துக் கொடுத்தார்கள். மாலையில் மீட்பு வண்டி வந்து பொள்ளாச்சிக்கு இழுத்துக்கொண்டு போனது.

கிளட்ச் பெடல் இல்லாததால் கிளட்சே இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிற்பது, மேனுவல் காரில் அரைக் கிளட்சில் நிற்பதற்குச் சமம். முந்தைய உரிமையாளர் பாதியைத் தேய்த்திருந்தார், மீதியை அந்த வளைவில் நான் எரித்தேன்.

அதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும். முதலில் கொண்டுபோன சர்வீஸ் மையத்தில், ஆக்சுவேட்டர் (கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவி) தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும், கிளட்ச் தனி, ஆக்சுவேட்டருக்கு மட்டும் 48,000 ரூபாய் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. ஏஎம்டி வேலை தெரிந்த வேறொருவரிடம் காட்டினேன். அவர் வண்டிக் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "ஆக்சுவேட்டர் நன்றாக இருக்கிறது, கிளட்ச்தான் போய்விட்டது" என்றார். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றி, புதிய கிளட்சைக் கணினிக்குப் பழக்கிக் கொடுத்தார். 17,500 ரூபாயில் முடிந்தது. அதன்பின் 38,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். வால்பாறைக்கு மறுபடி இரண்டு முறை போய்வந்தேன். ஏற்றத்தில் நின்றால் ஹேண்ட் பிரேக். வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அதை விடுவேன். அதே வண்டிதான், ஒரு குறையும் இல்லை.

மதுரையிலிருந்து

நான் பட்டறை வைத்திருப்பவன். கோவை நண்பர் சொன்னது என்னிடம் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வரும் கதை. உங்கள் மாமா பயப்படுவதற்குக் காரணமும் இதுதான்.

2014 பிப்ரவரியில் மாருதி சுசுகியின் செலேரியோ வந்தபோதுதான் நம் நாட்டில் சாதாரண விலைக் காரில் ஏஎம்டி பரவத் தொடங்கியது. மேக்னெட்டி மரெல்லி என்ற இத்தாலிய நிறுவனத்தின் அமைப்பு அது. பிறகு டாடா, மஹிந்திரா, ரெனோ, ஹூண்டாய் எல்லோரும் கொண்டுவந்தார்கள். பெயர்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். இடது காலும் இடது கையும் செய்த வேலையை ஆக்சுவேட்டரும் கணினியும் செய்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் விலையும் குறைவு, மைலேஜும் குறைவதில்லை.

மேனுவல் வண்டியில் கிளட்ச் தேய்வது முதலில் இடது காலுக்குத் தெரியும். பெடல் மேலே வந்து பிடிக்கும், கனமாகும். ஏஎம்டியில் அந்தச் செய்தி ஓட்டுபவருக்கு வந்து சேர்வதே இல்லை. கிளட்ச் தேயத் தேய, பிடிக்கும் இடத்தைக் கணினி தானாகவே மாற்றிக்கொண்டு போகும். ஓட்டுபவருக்குத் தெரியவரும்போது கிளட்ச் முடிந்திருக்கும். ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவர் காலால் அறிய வேண்டியதைக் காதாலும் உடம்பாலும் அறியவேண்டும்.

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகையாக இருந்தால், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் முன்பக்கத்திலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு மோட்டார் சத்தம் கேட்கும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது, பயப்பட வேண்டியதில்லை. சில நொடிகளில் நிற்கவேண்டும். சாவியை ஆன் செய்து, எதையும் தொடாமல் உட்கார்ந்து காது கொடுங்கள். பம்ப் திரும்பத் திரும்ப ஓடினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அந்த வண்டி வேண்டாம். சில மாடல்களில் ஆக்சுவேட்டர் முழுக்க மின்சாரத்தில் இயங்குவது. அவற்றில் இந்தச் சத்தம் இருக்காது.

பிறகு சமதளத்தில் டிரைவில் போட்டு பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி நழுவுவது போலப் புறப்படவேண்டும். உதறிக்கொண்டு புறப்பட்டால் கிளட்ச். ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், ரிவர்ஸிலும் ஏற்றிப் பாருங்கள். கியர் மாறும்போது தலை சற்று முன்னால் போய் வருவது இந்த வகைக்கு இயல்பு, இடிப்பது இயல்பல்ல. கடைசியாக ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

கிலோமீட்டர் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நெடுஞ்சாலையில் 90,000 ஓடிய வண்டியின் கிளட்ச், நகர நெரிசலில் 30,000 ஊர்ந்த வண்டியின் கிளட்சைவிட நன்றாக இருந்ததை என் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து

ஆறு ஆண்டுகளாக ஏஎம்டி ஓட்டுகிறேன். வேளச்சேரியிலிருந்து கிண்டி வழியாகத் தினமும் அலுவலகம். இதுவரை கிளட்ச் மாற்றவில்லை. முன்வண்டியின் பம்பரைத் தொட்டுக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்வதில்லை. ஒரு கார் நீளத்துக்கு இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து நிற்பேன். நீண்ட சிக்னலில் நியூட்ரல். பின்னாலிருப்பவர்கள் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

சென்னைப் பதிவெண் என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் கார்கள் இருக்கை மட்டம் வரை நீரில் நின்றன. அவற்றில் சில பிறகு பளபளவென்று விற்பனைக்குப் போயின. கணினி, சென்சார், ஒயர் இணைப்புகள் இவற்றை நம்பி ஓடும் கியர்பாக்ஸ் இது; தண்ணீர் புகுந்த வண்டி என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் விரலை விட்டுத் தடவுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். அந்த வாடை போகவே போகாது. எத்தனை முறை கழுவினாலும் போகாது.

குன்னூரிலிருந்து

மலையில் வீடு இருந்தால் ஏஎம்டி வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டு வாசலே செங்குத்தான ஏற்றம். தினமும் நான்கு முறை ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தவேண்டும். எட்டு மாதத்தில் விற்றுவிட்டு, டார்க் கன்வர்ட்டர் (தேயும் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்துவது) உள்ள பழைய ஐ10 வாங்கினேன். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, இருந்தாலும் ஏற்றத்தில் அமைதியாக நிற்கிறது. திருச்சி சமதளம்தானே, உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் எப்போதாவது மலைக்கு வந்தால், இறங்கும்போது மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்குங்கள். டிரைவில் விட்டால் அது மேல் கியருக்குப் போய்விடும், பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

மீண்டும் திருச்சியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. உங்கள் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த 2018 வண்டியைப் பார்க்கக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பானெட் கொதித்துக்கொண்டிருந்தது. "பால் வாங்கப் போய்வந்தேன் மேடம்" என்றார் விற்பவர். மறுநாள் சொல்லாமலே ஆறரைக்குப் போய் நின்றேன். கதவைத் திறந்ததும் மதுரை அண்ணன் சொன்ன அதே 'ங்ங்ங்'. நின்றது. சாவியை ஆன் செய்து உட்கார்ந்தேன். மறுபடி ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு நிமிடத்துக்குள் நான்கு முறை. "எல்லா வண்டியும் இப்படித்தான்" என்றார். தென்னூர் மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது முன்பக்கம் முழுவதும் உதறியது. என் முழங்காலுக்கே அந்த அதிர்வு தெரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் வண்டி கிடைத்தது. 2019 மாடல், ஒரே உரிமையாளர், 71,000 கிலோமீட்டர். முன்பு என்றால் அந்த எண்ணைப் பார்த்ததும் விட்டிருப்பேன். மஞ்சள் பை ஒன்றில் முதல் சர்வீஸிலிருந்து எல்லா ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். 58,000-இல் கிளட்ச் மாற்றிய ரசீதும் இருந்தது. அதைக் காட்டத் தயங்கினார். "இது இருந்தால் விலையைக் குறைப்பார்கள் என்று என் மகன் சொன்னான்" என்றார். எனக்கு அந்த ஒரு தாளே போதுமானதாக இருந்தது. இருந்தாலும் ஸ்கேனர் போட்டேன், மேம்பாலத்திலும் ஏற்றினேன், ஸ்டெப்னிக் குழியிலும் விரல் விட்டேன். தூசிதான் ஒட்டியது.

4,35,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். வண்டி மீது அவர் வாங்கிய வங்கிக் கடன் முன்பே அடைந்துவிட்டது, ஆனால் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) அந்தப் பதிவு இன்னும் நீக்கப்படவில்லை. ஆகவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இவற்றோடு கடன் பதிவை நீக்கும் 35-உம் சேர்த்துத் திங்கட்கிழமை ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகிறோம். காப்பீட்டை 14 நாட்களுக்குள் என் பெயருக்கு மாற்றவேண்டும் என்று பெரியவரே நினைவூட்டினார். இந்த வண்டியில் பார்க் என்ற நிலை இல்லை, என்ஜினை அணைக்கும் முன் கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போடவேண்டும் என்பதையும் இரண்டு முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை என்னைச் செய்யச் சொல்லிவிட்டு, வெளியே இறங்கி நின்று, வண்டியை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார்.